புகழ்ச்சியானாலும் அது இனவாதம்தான்

“சீனனைப் பார், எப்படி உழைக்கிறான்! மலாய்க்காரங்க நல்ல மனசுக்காரங்க, ஆனா உழைப்புதான் வராது. நம்ம ஆளுங்களுக்கு அறிவு இருக்கு, ஒத்துமைதான் இல்ல.” ஜொகூரில் தமிழ் பேசும் வீடுகளில் காலைப் பசியாறி முடிப்பதற்குள் இந்த மூன்றும் வந்துவிடும். யாரும் யாரையும் திட்டுவதாக நினைப்பதில்லை. முதலாவது முழுப் பாராட்டு. இரண்டாவதில் பாதி பாராட்டு. மூன்றாவது சொந்த இனத்தைப் பற்றிய ஆதங்கம். அதனாலேயே எவருக்கும் உறுத்துவதில்லை; அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைகள் காதில் விழும்படி பேசுவதை முதலில் நிறுத்துங்கள்.

“எங்க மனசுல கெட்டது ஒண்ணும் இல்லையே” என்பீர்கள். இல்லைதான். மலாய் எழுத்தாளர் அப்துல்லா ஹுசேன் மனத்திலும் கெட்டது இருந்ததாக நான் நினைக்கவில்லை. மலாயா விடுதலை பெற்ற பத்தாம் ஆண்டையொட்டி 1967இல் நடந்த நாவல் போட்டிக்கு அவர் எழுதியதுதான் ‘இன்டர்லோக்’. ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஒரு தமிழ்க் குடும்பம். மூன்றும் முட்டி மோதிக் கடைசியில் ஒன்றுசேரும் கதை. 1971இல் நூலாக வந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 2011இல், அதை ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக்கியபோது நாம் கொதித்தோம். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களை எல்லாம் ஒரே சாதிப் பெயரில் அடைத்து, அவர்களுடைய குணத்தையும் அந்தப் பெயரிலிருந்தே வருவித்திருந்தது அந்த நூல். சீனர்களைப் பணத்தாசை பிடித்தவர்களாகக் காட்டியதைச் சீன அமைப்புகளும் எதிர்த்தன. அந்த ஆண்டு இறுதியில், கல்வியமைச்சராக இருந்த நம் மூவார்க்காரர், முன்னாள் ஜொகூர் மந்திரி புசார் முகிதீன் யாசின், நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தார்.

அப்போது நூலின் பக்கம் நின்றவர்கள் என்ன சொன்னார்கள்? எழுதியவரின் நோக்கம் நல்லது, ஒற்றுமைக்காக எழுதினார், முழுவதும் படித்துவிட்டுப் பேசுங்கள் என்றார்கள். நாம் ஏற்கவில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வரி என்ன செய்யும் என்று பாருங்கள் என்றோம். சரியாகத்தான் சொன்னோம். (அந்தக் கோபத்தில் ஒரு பங்கு, ‘எங்களைப் போய் அந்தச் சாதியோடு சேர்ப்பதா’ என்ற சாதித் திமிர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது தனியாக வெட்கப்பட வேண்டிய விஷயம்.) மற்றவர் எழுதிய நூலுக்கு அன்று பிடித்த அளவுகோலை இன்று நம் வாய்க்கும் பிடிக்க வேண்டுமா, வேண்டாமா? இதற்குப் பதில் சொல்லாமல் ‘நாங்கள் நல்ல எண்ணத்தில்தானே சொன்னோம்’ என்று நழுவ நமக்கு உரிமை இல்லை.

ஓர் இனத்தைப் புகழ்வதில் என்ன கேடு என்று கேட்பவர்கள் தங்கள் தாத்தா பாட்டியின் கதையைக் கேட்கட்டும். இந்த நாட்டில் மொத்தமாகப் புகழப்பட்டு அதற்கு விலை கொடுத்தவர்கள் நாம்தான். ரப்பர் தோட்டத்துத் துரைமார் தமிழர்களை வெறுத்து இங்கே கொண்டுவரவில்லை. ‘தமிழன் அடக்கமானவன், சொன்னதைக் கேட்பான், குறைந்த கூலியில் நிம்மதியாக இருப்பான்’ என்று மெச்சித்தான் கொண்டுவந்தார்கள். சீனன் உழைப்பான், ஆனால் கட்டுக்கு அடங்கமாட்டான், மலாய்க்காரன் சோம்பேறி, தமிழன்தான் தோதானவன். இதுதான் அவர்களுடைய கணக்கு. அந்தப் பாராட்டு எதற்குப் பயன்பட்டது? லயத்து வீட்டுக்கும், கங்காணியின் அதிகாரத்துக்கும், சீனத் தொழிலாளிக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கும் அதுவே நியாயம் சொன்னது. நிம்மதியாக இருக்கிறவனுக்கு எதற்குக் கூடுதல் கூலி?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடுகடத்தினார்கள்; பட்டாளத்தை இறக்கிச் சுட்டார்கள்; தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். அடக்கமானவர்கள் என்ற பட்டம் இருந்ததால்தான் அவர்கள் நிமிர்ந்தபோது அது கோரிக்கையாகத் தெரியாமல் கலகமாகத் தெரிந்தது. புகழ்ச்சி போட்டுவைத்த கோட்டைத் தாண்டினால் தண்டனை. நம் முன்னோருக்கு நடந்தது அதுதான்.

அதே கணக்கின் இன்னொரு வரியைத்தான் நாம் இன்றும் மலாய்க்காரர்களைப் பற்றிச் சொல்கிறோம். துரை எழுதியதை நாம் ஒப்பிக்கிறோம், அவ்வளவுதான். சமூகவியலாளர் சைட் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதையைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். சொந்த நிலமும் வயலும் மீன்பிடிப்பும் இருந்த மலாய்க்காரர், துரை வைத்த கூலிக்கும் துரை வைத்த சட்டத்துக்கும் தோட்டத்தில் போய் நிற்க மறுத்தார். அந்த மறுப்புக்கு முதலாளிகள் வைத்த பெயர்தான் சோம்பல் என்று அதில் காட்டினார். நம்பாதவர்கள் பத்து பகாட்டுக்கும் பொந்தியானுக்கும் போய் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். பாரிட் ராஜா, பாரிட் சூலோங், மூவார் பக்கம் பாரிட் ஜாவா என்று வரிசையாக வரும். பாரிட் என்றால் வாய்க்கால். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, தென்னையும் ரப்பரும் நட்டுக் குடியேறியவர்களின் ஊர்கள் அந்த வட்டாரம் முழுதும் இருக்கின்றன. அவர்களில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மலாய்க்காரர்கள். இடுப்பளவுச் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவரின் பேரனைப் பார்த்து ‘உழைப்பு வராது’ என்கிறோம். உடனே யாராவது ‘அப்படியானால் ஜாவாக்காரர்கள் உழைப்பாளிகள்’ என்று எழுதிக்கொண்டால் நான் இவ்வளவு சொன்னதும் வீண்.

சீனர்களைப் பற்றி நாம் சொல்வதோ பாராட்டிலேயே ஊறியது. உழைப்பு, சிக்கனம், வியாபாரப் புத்தி. ஜொகூர் பாருவில் ஜாலான் துருஸில் இருக்கும் பழைய சீனக் கோயிலுக்குள் போயிருக்கிறீர்களா? ஐந்து தெய்வங்கள் அங்கே. தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கண்டோனிஸ், ஹைனானிஸ் என்று ஐந்து பிரிவினர், ஆளுக்கொரு தெய்வம். பேச்சு வேறு, தொழில் வேறு, அவர்களுக்குள் ஒருவரைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் இளக்காரமும் வேறு. நமக்கு மட்டும் எல்லாரும் ஒரே ‘சீனன்’, எல்லாரும் தவுக்கே, அதாவது முதலாளி. கம்யூனிஸ்டுப் போராளிகளை மக்களிடமிருந்து பிரிக்க 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபோது, ஜொகூர் உட்பட நாடு முழுதும் சுமார் 5 லட்சம் பேரைப் பெயர்த்துக் கொண்டுபோய் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனக் குடியானவர்கள், காய்கறித் தோட்டம் போட்ட ஏழைகள். ‘சீனன்னா பணக்காரன்’ என்ற வாக்கியத்துக்குள் அந்தப் பாட்டனுக்கு இடம் இல்லை. கடன் தொல்லையில் இருக்கும் அவர் பேரனுக்கும் இல்லை.

இடம் இல்லாமல் போவது மட்டுமா? பாராட்டு எந்த நேரமும் குற்றச்சாட்டாகத் திரும்பும். நமக்கு எதிரே கடலுக்கு அப்பால், 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீனர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரித்தவர்களிடம் சீனர்களைப் பற்றி இருந்த கருத்தும் அவர்கள் பணக்காரர்கள், கெட்டிக்காரர்கள் என்பதுதான். யாழ்ப்பாணத் தமிழன் படிப்பாளி என்று இலங்கை முழுதும் ஒரு காலத்தில் பெருமையாகப் பேசினார்கள். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது அதே பெருமைதான் புகாராக மாறி, தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுத்தால்தான் இடம் என்றானது. புகழ்ந்த நாக்கும் பழித்த நாக்கும் வேறு வேறல்ல.

வீட்டுக்குள்ளும் இது வேலை செய்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஆசிய வம்சாவளிப் பெண்களிடம், ஆசியர்கள் கணக்கில் கெட்டி என்று பிறர் எதிர்பார்ப்பதை நினைவூட்டிவிட்டுக் கணக்குத் தேர்வு வைத்தார்கள். நினைவூட்டப்பட்டவர்கள் மோசமாகச் செய்தார்கள். தோளில் இனத்தின் பெருமையை ஏற்றினால் கை நடுங்கும் போலிருக்கிறது. இனி ‘இந்தியப் பிள்ளைன்னா வக்கீல், டாக்டர்’ என்று சொல்லும் முன் மெக்கானிக் ஆக ஆசைப்படும் உங்கள் மகனின் முகத்தைப் பாருங்கள்.

இப்போது வாடகை வீட்டுக்கு வருவோம். பேச்சு செயலாகும் இடம் அதுதான். தாமானில் வீடு தேடிய தமிழர்களுக்கு முகவரின் முதல் கேள்வி தெரியும். ‘நீங்கள் இந்தியரா?’ அதற்குப் பிறகு வரும் மறுப்பில் பெரும்பாலும் வசை இருக்காது. இந்தியர்கள் நல்லவர்கள், குடும்பப் பாசம் உள்ளவர்கள், அதனால் உறவுக்கூட்டம் வரும். ருசியாகச் சமைப்பார்கள், அதனால் மசாலா வாசம் சுவரில் ஏறும். புகழ்ந்துகொண்டே கதவை மூடுவார்கள். அப்போது நமக்கு வயிறு எரிகிறது. ஆனால் வீடு வைத்திருக்கும் நம்மவர் என்ன செய்கிறார்? ‘சீனன்னா வாடகை ஒழுங்கா வரும்’ என்று நம் ஆளையே ஒதுக்குகிறார். ‘பங்களாதேஷ்காரன் பாவம், நல்லா உழைப்பான்’ என்று இரக்கப்பட்டுவிட்டு, அவன் வேலைக்கு உதவுவான், வீட்டுக்கு ஆகமாட்டான் என்று முடிக்கிறார். துரை நம் தாத்தாவுக்குக் கொடுத்த அதே சான்றிதழ் இது.

இது இனவாதமா என்று இன்னும் சந்தேகமா? எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1965இல் நிறைவேறியது. அது ஒதுக்குவதையும் கட்டுப்படுத்துவதையும் மட்டும் பாகுபாடு என்று சொல்லி நிறுத்தவில்லை. இனம் பார்த்துச் சலுகை காட்டுவதையும் அதில் சேர்த்தது. நோக்கம் கெட்டதா என்று மட்டும் பார்க்காமல் விளைவையும் பார்த்தது. மலேசியா அதில் சேரவில்லை. 2018 நவம்பரில் சேரப்போவதில்லை என்று அரசு அறிவித்தும்விட்டது. அரசியலமைப்பின் 8ஆவது விதி சமத்துவம் பேசுகிறது. ஆனால் தனியார் ஒப்பந்தங்களுக்கு அது எட்டாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் வீட்டு வாசலிலும் உங்கள் கடை நேர்முகத் தேர்விலும் சட்டம் வந்து நிற்காது. நீங்கள்தான் நிற்க வேண்டும்.

2017 செப்டம்பரில் மூவாரில் ஒரு சலவைக் கடை முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தது. சமயத் தூய்மை பேணும் வாடிக்கையாளரின் நலனுக்காக என்றே காரணம் சொல்லப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் சினந்து, நிறுத்தச் சொன்னார், மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டார்கள். அன்று கைதட்டினோம். ஒவ்வொரு கடைக்கும் சுல்தான் வந்து சொல்ல முடியுமா?

“அப்படின்னா எந்த இனத்தைப் பத்தியும் எதுவுமே பேசக்கூடாதா?” பேசலாம், தாராளமாக. பழக்கத்தைப் பேசுங்கள், வரலாற்றைப் பேசுங்கள். பாரிட் வெட்டியதைப் பேசுங்கள், புதுக்கிராமத்து முள்வேலியைப் பேசுங்கள், அடுத்த வீட்டு மலாய் மக்சிக் உங்கள் தாய்க்கு உடம்பு முடியாதபோது கஞ்சி கொண்டுவந்ததைப் பேசுங்கள். அவர் நல்லவர். அதனால் மலாய்க்காரர் எல்லாரும் நல்லவர் என்று ஆகாது; அவருடைய புண்ணியத்தை எடுத்து ஓர் இனத்துக்குப் பங்கிடுவது அவருக்கே அநியாயம். நாம் இன்னும் பார்க்காத ஒருவரைப் பற்றி, அவர் இனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க உதவுகிற வாக்கியம்தான் விஷம். அது தேனில் குழைத்ததா, வேப்பெண்ணெயில் குழைத்ததா என்பது இரண்டாம் கேள்வி.

பெரியவர்கள் பழக்கத்தில் சொல்வதை எல்லாம் குற்றமாக்கி, அத்தையையும் மாமாவையும் இனவாதி என்று பட்டம் கட்டச் சொல்லவில்லை. வெறுப்போடு கல்லெறிகிறவனும் வெள்ளந்தியாகப் பேசுகிற பாட்டியும் ஒன்றல்ல. ஆனால் பாட்டி சொன்னதைக் கேட்டு வளர்ந்த பேரன் நாளை ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காருவான். சொல்பவரைக் கடியாதீர்கள், சொல்லைத் திருத்துங்கள். “எந்தச் சீனர், அத்தை?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

இதைத் தள்ளிப்போட நேரமில்லை. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் போகும் ஆர்.டி.எஸ். ரயில், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் மட்டும் 10,000 பேரைக் கொண்டுபோகும் கணக்கில் கட்டப்படுவது. ஜொகூர் பாருவில் ஆள் எடுப்பும் குடியேற்றமும் வாடகையும் பெருகும் காலம் இது. வரப்போகிறவர்களை நம் பழைய மூன்று வாக்கியங்களைக் கொண்டு தரம் பிரிக்கப் போகிறோமா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, கட்டுரைப் பயிற்சியில் ‘சீனர்களின் உழைப்பு’, ‘இந்தியர்களின் விருந்தோம்பல்’ என்று இனத்துக்கொரு குணம் எழுதவைக்காதீர்கள். கோயில் மேடையில் பேசுகிறவர்களே, நம்மவரைத் தட்டியெழுப்ப மற்ற இனத்தைப் பாராட்டிக் காட்டும் அந்தப் பழைய உத்தியை விடுங்கள். கடை வைத்திருப்பவர்களே, வந்து நிற்கும் ஆளின் வேலையைப் பாருங்கள். வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர்களே, விளம்பரத்தில் இருக்கும் இனப் பெயரை இன்று இரவே எடுத்துவிடுங்கள்.