கவிழ்ந்த வண்டியும் நான்கு செக்கன்களும்

விளையாட்டுக் கார்களைப் பற்றி எழுதுவதற்கா இச்சஞ்சிகையின் பக்கங்கள் இருக்கின்றன என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களுடைய ஐயம் நியாயமானதே. சென்ற ஆண்டு வரை நானும் அவர்கள் கட்சியைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். வசதி படைத்த நாட்டவர் பொழுதுபோக்குக்காக ஓட்டும் பொம்மை வண்டிகளிலே ஒழுக்கவியற் பிரச்சினை எதுவும் இருக்குமென நான் எண்ணியதில்லை. பாடசாலை விடுமுறையில் இங்கிலாந்திலுள்ள தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவருடைய மகன், பதினான்கு வயதுச் சிறுவன், “மாமா, நீங்களும் வாங்கோ” என்று வற்புறுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துச் சென்றான். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் படித்தும் எனக்குத் தெளிவாகாத ஒரு வினா, அன்று அவன் அழைத்துச் சென்ற இடத்திலே என் கண்முன் வந்து நின்றது.

அது வானொலி அலையால் இயக்கப்படும் சிறு கார்களின் பிராந்தியப் போட்டி. ஊர்ப்புறத்திலே ஒரு கழகத்தினர் தரையிற் செயற்கைப் புல் விரித்து, வளைவுகளும் மேடுகளும் அமைத்து, ஓட்டத்தடம் ஒன்றை உருவாக்கியிருந்தனர். வண்டி உண்மைக் காரின் பத்திலொரு பங்கு. நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். பற்றரியினால் ஓடுகின்ற அச்சிறு பொருள் மேட்டிலேறிப் பாய்ந்து, மனிதத் தலைக்கு மேலாகப் பறந்து, மறுபுறத்தில் விழுந்து ஓடுகின்ற வேகத்தைக் கண்டபின் ‘பொம்மை’ என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஓட்டுநர் பத்துப்பேர் உயரமான மேடையொன்றிலே வரிசையாக நிற்பர், கையிற் கட்டுப்படுத்தும் கருவி, கண்கள் தடத்தின்மேல். வண்டிக்குள்ளே பொருத்திய சிறு கருவியொன்று, தடத்தின் கீழ்ப் புதைத்த கம்பியைக் கடக்குந்தோறும் தன் எண்ணை அறிவிக்கும். கணினி அதனைச் செக்கனின் ஆயிரத்தொரு பங்கு வரை குறித்துக்கொள்ளும்.

இவ்விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. யப்பானியத் தமியா நிறுவனம் 1976இல் ‘போர்ஷ் 934’ என்னும் வண்டியை வெளியிட்டபின் அது வீடுகளுக்குள் நுழைந்தது. இந்த அளவிலான கரடுதட வண்டிகளுக்கு முதலாவது உலகப் போட்டி 1985இல் கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் நடைபெற்றது. 1987இல் இங்கிலாந்தின் றொம்சியில் அடுத்தது. மசாமி ஹிரோசாக்கா என்ற யப்பானியர் தம் வாழ்நாளிற் பதினான்கு உலகப் பட்டங்களை வென்றார். ஆயின் என்னைக் கவர்ந்தவை பட்டங்கள் அல்ல. அந்தத் தடத்தின் ஓரங்களிலே செம்மஞ்சள் மேற்சட்டையணிந்து நின்ற மனிதர்களே என்னைக் கவர்ந்தனர்.

அவர்களை மார்ஷல் என்பர். வண்டியொன்று கவிழ்ந்தால், மேடையில் நிற்கும் ஓட்டுநனால் ஒன்றுஞ் செய்ய இயலாது. நான்கு சில்லுகளும் வானை நோக்கிச் சுழன்றுகொண்டிருக்க, அவன் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வளைவிலே நிற்கும் மார்ஷல் ஓடிச்சென்று அதனை நிமிர்த்திவிட வேண்டும். இந்த மார்ஷல்கள் யார்? சம்பளத்துக்கு வந்த வேலையாட்களோ, பார்வையாளரோ அல்லர். சற்றுமுன் ஓடி முடித்த ஓட்டத்தின் ஓட்டுநர்களே அவர்கள். ஓட்டம் முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி, வண்டியை வைத்துவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷலாக நிற்பது ஒவ்வொருவனுடைய கடமை. உலகப் பட்டம் வென்றவனாயினும் பாடசாலைச் சிறுவனாயினும் இவ்விதியில் வேறுபாடில்லை. நிற்கத் தவறியவனுக்குப் பல கழகங்களில் அவனுடைய சிறந்த ஓட்டமே கழிக்கப்படும்.

இதிலுள்ள அழகை முற்போக்குக் கருத்துடையோருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தடி சுமப்பதற்கென்று கோல்ப் ஆட்டம் ஒரு கூட்டத்தை வைத்திருக்கிறது. பந்து பொறுக்குவதற்கென்று ரென்னிஸ் சிறுவரை நிறுத்துகிறது. இங்கோ, பணிசெய்வோர் என்றொரு தனிவகுப்பே இல்லை. ஐந்து நிமிடம் நீ ஓட்டுகிறாய், நான் ஓடிவந்து உன் வண்டியை எடுக்கிறேன். அடுத்த ஐந்து நிமிடம் நிலைமை மாறுகிறது. செல்வமும் அங்கே இல்லாமலில்லை. நிறுவனங்களின் ஆதரவு பெற்ற ஓட்டுநன் ஒரே நாளில் நான்கு சோடி ரயர் மாற்றுவதையும், பழைய ரயரைத் துலக்கித் துலக்கி ஓட்டுகின்றவனையும் அருகருகே கண்டேன். அதனைச் சமன்செய்ய, மோட்டரின் கம்பிச் சுற்றுக்கள் இத்தனைதான் இருக்கவேண்டும் என்று வரையறுத்த பிரிவுகளும் உள்ளன. பணம் அவ்வரம்பைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக உள்ளே வந்துவிடுகிறது என்பது வேறு கதை. மார்ஷல் விதியை மாத்திரம் பணத்தாற் சுற்றிவர முடிவதில்லை.

முன்னொரு காலத்தில் இக்கழகங்களில் இன்னொரு பொதுமை இருந்ததாம். அக்காலக் கருவிகள் 27 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் ஆறு நிறங்களாற் குறிக்கப்பட்ட ஆறு தடங்களிலே இயங்கின. ஒருவன் செந்நிறத் தடத்திலே ஓட்டுகையில் இன்னொருவன் அதே நிறத்திலே தன் கருவியைத் திறந்தால், முதல்வனுடைய வண்டி பித்துப்பிடித்தது போல் எங்கோ பாயும். அதனாற் பலகையொன்றில் நிறத்துக்கொரு கவ்வியை மாட்டி வைத்தனர். கவ்வி கையில் உள்ளவனே கருவியைத் திறக்கலாம். இன்று 2.4 கிகாஹேட்ஸ் கருவிகள் தமக்குரிய வழியைத் தாமே தேடிக்கொள்கின்றன. பலகையும் போயிற்று, கவ்வியும் போயிற்று. ஒருவனுக்காக ஒருவன் காத்திருக்கவேண்டிய தேவையைத் தொழில்நுட்பம் நீக்கிவிட்டது. கவிழ்ந்த வண்டியைத் தூக்கி நிமிர்த்த மட்டும் இன்னும் ஒரு மனிதனுடைய கை வேண்டியிருக்கிறது.

இனி, நடந்ததைக் கூறுகிறேன்.

தகுதிகாண் ஓட்டங்களில் யார் முன்னே செல்கிறார் என்பது கணக்கில்லை. ஒவ்வொருவனும் தன் ஐந்து நிமிடத்தில் எத்தனை சுற்று, எத்தனை செக்கன் என்பதே கணக்கு. நாள் முடிவில் முதற் பத்துப்பேர் ‘ஏ’ இறுதியோட்டத்துக்கும் அடுத்த பத்துப்பேர் ‘பீ’ இறுதியோட்டத்துக்கும் செல்வர். கடைசித் தகுதிகாண் ஓட்டத்தை முடித்தபோது என் மருமகன் பத்தாமிடத்தில் நின்றான். பிராந்தியப் போட்டியொன்றில் அவன் அவ்வளவு உயர்ந்தது அதுவே முதற்றடவை. அவனுக்கு அடுத்த இடத்தில் நின்றவன் அவனிலும் இரண்டொரு வயது மூத்த ஓர் ஆங்கிலேயச் சிறுவன். அவனோ அடுத்த ஓட்டத்தில் ஓடவேண்டியவன். அந்த ஓட்டத்துக்கு மார்ஷலாக நின்றவர்களில் என் மருமகனும் ஒருவன்.

மூன்றாவது நிமிடத்தில் அந்தச் சிறுவனின் வண்டி என் மருமகன் நின்ற வளைவிலேயே கவிழ்ந்தது. ஓடிவரும் வண்டிகளுக்கு இடையூறு செய்யாமலே தடத்தில் இறங்கவேண்டும் என்பது மார்ஷலுக்குரிய விதி. இரண்டு வண்டிகள் கடந்தன. இடைவெளி கிடைத்தது. மருமகன் இடப்புறம் திரும்பிப் பார்த்தான். மூன்றாவது வண்டி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்கும் வழிவிட்டான். பின்னர் இறங்கினான், வண்டியை நிமிர்த்தினான், சரியான திசையிலே வைத்தான். என் கணக்கில் நான்கு செக்கன் கூடுதலாகச் சென்றிருக்கும். ஓட்டம் முடிந்தபோது, மூன்று செக்கனுக்குங் குறைவான வித்தியாசத்தில், அந்தச் சிறுவன் பதினோராமிடத்திலேயே நின்றுவிட்டான்.

முறைப்படி அவன் மேடையிலிருந்து இறங்கி, அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷலாக, அதே வளைவுக்கு வந்தான். மேற்சட்டையைக் கழற்றிக் கொடுத்த என் மருமகனிடம், வண்டியை எடுத்துவிட்டதற்காக நன்றி சொன்னான். அங்கே அது வழக்கம்.

இதிலே குற்றம் எங்கே இருக்கிறது? விதி மீறப்படவில்லை. டச்சு நாட்டு அறிஞர் ஹூய்சிங்கா 1938இல் வெளியிட்ட தமது நூலிலே, ஆட்டத்தைக் கெடுப்பவரை இருவகையாகப் பிரித்தார்: விதியை ஏற்பதுபோல் நடித்து மறைவில் மீறுகின்ற ஏமாற்றுக்காரன், விதியையே உதறிவிட்டு ஆட்டத்தைக் குலைப்பவன். என் மருமகன் இருவகையிலும் அடங்கவில்லை. அவன் விதியை முழுதும் கைக்கொண்டான். விதியே அவனுக்கு நிழல் கொடுத்தது. வளைவுதோறும் ஒளிப்படக்கருவி வைத்தாலும் அது காட்டப்போவது, ஓடிவரும் வண்டிக்கு வழிவிட்ட ஒழுங்கான மார்ஷல் ஒருவனையே.

கான்ட் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரனைக் காட்டுகிறார். விலை அறியாத குழந்தை வந்தாலும் அவன் ஒரே விலைக்கே விற்கிறான். நேர்மைதான், ஆயின் அது கடமையுணர்விற் பிறந்ததா, வியாபாரம் கெட்டுவிடும் என்ற கணக்கிற் பிறந்ததா என்பதை அச்செயலை மட்டும் கொண்டு கூறமுடியாது என்பது அவர் கருத்து. கான்டின் வறட்டுத்தன்மை எனக்கு எப்பொழுதும் உவப்பானதன்று. எனினும் அந்த வளைவிலே அவர் சொன்னது எனக்கு விளங்கியது. தண்டனை ஒருவனை அவன் நிற்கவேண்டிய இடம் வரைக்கும் கொண்டுவந்து விடும். அங்கிருந்து கவிழ்ந்த வண்டி வரைக்கும் உள்ள நான்கு அடியை அவன் ஓடுகிறானா நடக்கிறானா என்பதைத் தண்டனையால் நிச்சயிக்க முடியாது.

தோழர்கள் இங்கே குறுக்கிடுவர். ‘போட்டி என்னும் அமைப்பே இதற்குக் காரணம், எதிரியின் நட்டத்திலே தன் லாபம் தங்கியிருக்கும்படி மனிதரை நிறுத்திவிட்டு அவர்களிடம் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது போலித்தனம், அமைப்பை மாற்றுக, மனச்சாட்சி தானே திருந்தும்’ என்பர். மேடைகளில் இதனை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதிற் பெரும்பகுதி உண்மை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் மார்ஷல் விதி நல்ல அமைப்பல்லவா? பணிசெய்வதும் பணிபெறுவதும் முறைவைத்து மாறுகின்ற, ஏழை பணக்காரன் என்ற பேதமற்ற ஓர் அமைப்பை அதைவிட எளிமையாக எவர் அமைக்கமுடியும்? அந்த நல்ல அமைப்பின் நடுவிலேதான் இந்த நான்கு செக்கனும் இருந்தன. சம்பளத்துக்கு மார்ஷல்களை நியமித்தால் தீருமே என்றார் அருகில் நின்ற தகப்பனொருவர். தீரலாம். அப்பொழுது ஏழைச் சிறுவர் நாள்முழுதும் வெயிலிலும் மழையிலும் ஓடிப் பிறர் வண்டிகளை நிமிர்த்துவர். ஓட்டுநர் எவரும் எவருக்கும் கடமைப்பட்டிருக்கமாட்டார். நான்கு செக்கனைக் காப்பாற்ற அவ்வளவு விலை கொடுக்க நான் ஆயத்தமாக இல்லை.

வீடு திரும்பும்போது, தமக்கையார் காரைச் செலுத்த, பின்னாசனத்திலிருந்து மருமகன் மெதுவாகக் கேட்டான்: “மாமா, நான் இன்னுங் கெதியாப் போயிருக்கலாமோ?”

“வண்டியள் வந்துகொண்டெல்லோ இருந்தது” என்றேன்.

ஆசிரியனாகிய நான் ஏன் அவ்விடையைக் கொடுத்தேன்? குழந்தையின் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பவில்லை என்று தமக்கையார் நினைத்திருப்பார். காரணம் வேறு.

உயர்தர வகுப்புக்கு நான் தமிழ் கற்பிக்கிறேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் சம்பளம் மாதத்தின் பாதிக்கே போதாமற் போனதால், சனி ஞாயிறுகளில் ரியூட்டரி ஒன்றிலும் கற்பிக்கிறேன். யாப்பிலே தளை என்னும் பகுதி பயிற்சியினால் மட்டுமே கைவரும். இருபது முப்பது செய்யுள்களைச் சீர்பிரித்துப் பழகினாலன்றி மாணவர்க்கு அது பிடிபடாது. பாடசாலையில் அதனை இரண்டு பாடவேளையில் முடித்தேன். வரைவிலக்கணம் சொன்னேன்; வகைக்கு ஓர் உதாரணம் தந்தேன்; பதிவேட்டில் ‘தளை நிறைவு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பயிற்சியை ரியூட்டரியில் நான்கு வாரம் கொடுத்தேன். எந்தக் கல்வியதிகாரி வந்து பதிவேட்டைப் பார்த்தாலும் என்னிற் குறைகாண முடியாது. பாடத்திட்டம் சொன்ன காலத்துக்குள்ளே பாடம் முடிந்திருந்தது. ரியூட்டரிக்கு வரமுடியாத பிள்ளைகள் அவ்வகுப்பில் ஏழுபேர். அவர்களில் ஒருத்தி, கூலிவேலை செய்பவர் ஒருவரின் மகள், பாடவேளை முடிந்து நான் வெளியேறும்போது எழுந்துநின்று, “நன்றி சேர், விளங்கிச்சுது” என்றாள். பரீட்சைத் தாளைத் திருத்தியபோதுதான் அவளுக்கு விளங்கவில்லையென்று எனக்குத் தெரிந்தது.

சம்பளம் போதாது என்பது உண்மை. ஆசிரிய சங்கத்தின் கோரிக்கைகளில் எனக்கு முழு உடன்பாடு உண்டு, வேலைநிறுத்தத்திலும் நின்றிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு பாடவேளையிலும் என் கால்கள் எவ்வளவு வேகமாக நடந்தன என்பதைச் சம்பளப் பட்டியல் தீர்மானிக்கவில்லை. ரியூட்டரியை விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. ரியூட்டரியிலே கற்பித்துக்கொண்டே பாடசாலையிலும் அப்பயிற்சியைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ரியூட்டரியில் ஆசனங்கள் வெறிச்சோடும் என்ற கணக்கு என் மனத்திலே ஓடியதை நான் அறிவேன். மூன்றாவது வண்டி தூரத்திலேதான் வந்துகொண்டிருந்தது.

அன்று ‘ஏ’ இறுதியோட்டத்தில் மருமகன் கடைசியாக வந்தான். ‘பீ’ இறுதியோட்டத்தில் அந்த ஆங்கிலேயச் சிறுவன் முதலாவதாக வந்தான். சென்ற கிழமை மருமகன் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். இந்தப் பருவப் போட்டிகள் தொடங்கிவிட்டனவாம். முதற்போட்டியில் அதே சிறுவனும் வந்திருந்தானாம். அன்று நடந்ததை அவனிடம் சொல்லலாமா, சொன்னால் என்ன நினைப்பான் என்று என்னைக் கேட்டிருக்கிறான். தளைப் பாடம் இவ்வாண்டு வகுப்புக்கு அடுத்த மாதம் வருகிறது. மருமகனுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.