மூடிய கோப்பும் தீராத ஹக்கும்



லூபோக் சீனாவில் கடை நடத்தும் நம்மிடம் மூட்டை சுமக்கிற தொழிலாளி, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத்து. வேலையில் முதுகு அடிபட்டவருக்கு நட்டஈடு கிடைத்துவிட்டால், விஷயம் முடிந்ததென்று நினைக்கிறோம். ஈராண்டு கழித்து அதே முதுகு அவரைப் படுக்கையில் தள்ளினால்?

1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிடவில்லை. காயத்தின் விளைவு எதிர்பாராத வகையில் மிகவும் மோசமானால், ஊனத்தின் அளவை மருத்துவக் குழு மறுபடியும் பரிசீலிக்கலாம். 2019 ஜனவரி முதல், முறையாக வேலைக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவில் இடமுண்டு.

அப்போது அவர் நம் வாசலுக்கு வருவது தர்மம் கேட்டல்ல. விபத்து நடந்த நாள், செய்த வேலை, பெற்ற சம்பளம் இவற்றுக்கு நம் கணக்குப் புத்தகமே சாட்சி. “பழைய கதை” என்று கைவிரித்தால், சாட்சியை மறைத்தவராவோம். நமக்கே பாதகமானாலும் நீதியின் பக்கம் சாட்சி நிற்கவேண்டுமென அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான்.

ஆகவே புத்தகங்களைப் பத்திரப்படுத்துங்கள்; கேட்டு வருபவருடன் சொக்சோ அலுவலகம்வரை செல்லுங்கள். அலுவலகக் கோப்பை மூடலாம். மஹ்ஷரில் விரியும் ஏட்டை நம்மால் மூட முடியாது.

பிறர் ஹக்கைப் பேணும் நல்லடியார்களில் நம்மையும் அல்லாஹ் சேர்ப்பானாக! ஆமீன்.