எதற்கு அஞ்சுவது?

திருவாசகத்தில் அச்சப்பத்து ஓதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். எதற்கெல்லாம் தமக்குப் பயமில்லை என்று மாணிக்கவாசகர் பாட்டுக்குப் பாட்டு அடுக்குகிறார். பாம்பில் ஆரம்பிக்கிறார், வேல், நோய், தீ, யானை, இடி, எமன் என்று போகிறது. எதற்குமே பயமில்லை என்று முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஈசனிடத்தில் அன்பில்லாதவர்களைக் கண்டால்தான் நடுக்கம் என்கிறார். இவரை அச்சம் விட்டவர் என்பதா, அச்சத்தை எடுத்து வேறிடத்தில் வைத்தவர் என்பதா?

எங்கள் முற்றோதல் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் படித்த படிப்பு இதற்கு உதவாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அன்னூர்ப் பக்கம் கொஞ்சம் தோட்டம், நாலு மாடு, மாதத்தில் ஒரு ஞாயிறு சிவன் கோயிலில் முற்றோதல் என்று காலம் போகிறது. பயந்த முகங்களை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில், கோவை உக்கடத்தில் கோட்டை ஈசுவரன் கோயிலுக்கு முன்னால் ஒரு கார் வெடித்தது. சிலிண்டரோடு வந்த காரை ஓட்டியவர் இறந்தார். வேறு உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் கோவைக்காரர்களுக்கு அந்த ஒரு சத்தம் போதும். 1998 பிப்ரவரி 14-ல் ஊரெங்கும் குண்டு வெடித்து 58 பேர் செத்ததும், 200 பேருக்கு மேல் காயம்பட்டதும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. (அதற்கு முந்தின நவம்பரில் நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதை ஊர் அவ்வளவாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.)

அடுத்த முற்றோதலில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்த பெண், "ஏனுங்க்கா, இனிமே டவுன்ஹால் பக்கம் துணி எடுக்கப் போறதுக்கே பயமா இருக்குதுங்க" என்றாள். அன்று காலையில் அவள் புருஷனின் டூவீலரில், இரண்டு பேருக்கும் ஹெல்மெட் இல்லாமல், மடியில் குழந்தையோடு, லாரிகள் பறக்கும் சத்தி ரோட்டிலிருந்து வந்து இறங்கியதை நான் பார்த்திருந்தேன். அந்த 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அவளிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. சாப்பிடுகிற இடத்தில் எதற்கு.

என் மனதில் ஓடியது வேறு. எங்கள் தோட்டத்துக்கு மேற்கே வாழை போட்டிருக்கும் அண்ணன் ஒருவரை அந்த வருடம் ஆடியில் கண்ணாடி விரியன் கடித்தது. ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மடை மாற்றப் போனவர். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ளும் என்று வெறுங்கால். செல்போன் டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தபோது கணுக்காலுக்கு மேல் சுருக்கென்றது. என்னைக் கூப்பிடுவதற்குள் தொடையில் கயிற்றைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். விஷம் ஏறிவிட்டதா என்று பார்க்க மிளகு மெல்லக் கொடுத்திருந்தார்கள். "காரம் தெரியுதுங்களா மாமா, காரம் தெரியுதுங்களா" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு வேறு சோதனை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிஷம் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆகாது, கண்ணாடி பட்டால்தான் ரத்தம் ஒழுங்காக உறையும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்பது. கட்டியாகி அடியிலேயே நின்றால் மூச்சு விடலாம். தண்ணீர் மாதிரி ஓடிவந்தால் விரியன் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது. பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ குப்பிகளைச் சாய்த்திருக்கிறேன். கை பழகிவிட்டது, சாய்க்கும் நொடியில் வயிற்றைப் பிசைவது மட்டும் கடைசி வரை பழகவில்லை. அண்ணனின் ரத்தம் ஓடியது. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏறியும் சிறுநீர் நின்று, டயாலிசிஸ் வரை போய்த்தான் பிழைத்தார். கறவை மாடு இரண்டும் சந்தைக்குப் போயின.

எந்த டிவியிலும் இது வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. அடுத்த ராத்திரி பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே வரப்பில் மடை மாற்றப் போனார், அவரும் வெறுங்காலோடு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000. கோவைக் குண்டுவெடிப்பில் இறந்தவர்கள் 58. ஆயிரம் மடங்கு, அதுவும் வருடா வருடம். வேதாந்திகள் கயிற்றைப் பாம்பென்று கண்டு மிரளும் மயக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பாம்பைக் கயிறென்று நினைத்துத் தாண்டிப் போகும் மயக்கத்தைப் பற்றியும் யாராவது சொல்லியிருக்கலாம்.

இந்தக் கணக்கைக் குழுவில் மெல்ல எடுத்துவிட்டேன். எங்களுக்கு மூத்தவரான தமிழாசிரியர் ஐயா இலையை மடித்துவிட்டுச் சொன்னார்: "எண்ணி எடை போடற விஷயமா அம்மணி இது? பாம்புக்கு வஞ்சம் கிடையாது. மிதிச்சா கடிக்கும். குண்டு வைக்கிறவன் முகம் தெரியாதவனைக் கொல்லணும்னு உட்கார்ந்து யோசிச்சு வைக்கிறான். அதுக்கு நடுங்காம வேற எதுக்கு நடுங்கறது?"

நியாயமான கேள்வி. எண்ணிக்கையைக் காட்டி இதை வாயடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. ஒரு மனிதன் இன்னொருவனைச் சாகடிக்கத் திட்டம் போடுவதில் உள்ள கொடுமை எந்தப் பாம்புக்கும் வராது. ஆனால் கொடுமையைக் கண்டு வர வேண்டியது கோபம். கோபத்துக்குப் போலீஸ் உண்டு, கோர்ட் உண்டு. பயத்துக்குப் போகுமிடம் இல்லை. அது அக்கம்பக்கத்தில்தான் இறங்கும். 1998-க்குப் பிறகு, முஸ்லிம்கள் நிறைய வாழும் கோட்டைமேடு என்று முகவரி சொன்னவர்களுக்கு வேலையும் வாடகை வீடும் கிடைப்பது எவ்வளவு கஷ்டமாகிவிட்டது என்பது கோவையில் எல்லாருக்கும் தெரியும். குண்டு வைத்தவன் விரும்பியதும் அதைத்தான். நம் பயத்தால் அவன் வேலையை நாம் முடித்துக்கொடுத்தோம்.

வஞ்சம் இல்லாத சாவுக்குப் பொறுப்பாளி கிடையாதா என்பது அடுத்த கேள்வி. இதற்குச் சேக்கிழாரிடம் பதில் இருக்கிறது. திருவாரூரைச் சொல்ல வரும்போது அவர் மனுநீதிச் சோழன் கதையைச் சொல்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்ட கதை. அது ஒரு சாலை விபத்து என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. இளவரசனின் தேர் வருகிறது, கன்று குறுக்கே பாய்கிறது. துளி வஞ்சம் இல்லை. அமைச்சர்கள் அதைத்தான் சொன்னார்கள்: தெரியாமல் நேர்ந்துவிட்டது, பரிகாரம் செய்தால் தீரும். ராஜா ஒப்பவில்லை. பெற்ற மகனைத் தேர்க்காலில் இடுவது சரியா என்று கேட்டால் எந்தத் தாயும் இல்லை என்பாள், நானும்தான். ஆனால் மணியடித்த பசுவுக்குத் தெரியாமல் நடந்ததும் தெரிந்து நடந்ததும் ஒன்றுதான் என்று அந்த ராஜாவுக்குப் புரிந்திருக்கிறது பாருங்கள், அங்கேதான் நான் கும்பிடுகிறேன்.

ராத்திரிக் கரண்டில் யாருக்கு வஞ்சம்? யாருக்கும் இல்லை. ஆலைகளுக்கு ஒரு நேரம், வீடுகளுக்கு ஒரு நேரம் போக, மிஞ்சியதைப் பம்புசெட்டுக்குத் தள்ளினார்கள். எங்கள் பக்கம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று பல வருடம் முறை ஓடியது. காசில்லாமல் வரும் கரண்ட் என்பதால் நேரத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. இத்தனைக்கும் கரண்டுக்காக உயிர்விட்ட மண் இது; 1970-ல் ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். எங்கோ ஓர் ஆபீசில் நல்ல மனிதர் ஒருவர் அட்டவணை போட்டார். விரியன் எலி தேடி வரும் நேரமும் மனிதன் வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. தேரும் ஓடிக்கொண்டிருக்கிறது, கன்றும் செத்துக்கொண்டிருக்கிறது, மணி மட்டும் அடிப்பதில்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றில் சேர்த்ததை அந்த மணியின் முதல் சத்தமாக எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலில் ஓடும் மோட்டாருக்கு ராத்திரி ஷிப்டு கிடையாது. சோலார் பம்பைப் பற்றி எல்லாரும் கரண்ட் பில், கார்பன், மானியம் என்று பேசுகிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். 2019-ல் மத்திய அரசு குசும் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு இங்கே வேளாண் பொறியியல் துறை வழியாக மானியம் கிடைக்கிறது. அண்ணன் தேறி வந்ததும் அவர் மகன் எழுதிப்போட்டு, கிணற்று மேட்டில் பேனல் நிறுத்தினான். வெயில் ஏறியதும் தண்ணீர் விழ ஆரம்பிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு நூலாக மெலியும். இப்போது அண்ணன் பட்டப்பகலில், வரப்பு பளிச்சென்று தெரிய, மடை மாற்றுகிறார். கால் மட்டும் இன்னும் வெறுங்கால்தான். சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

இது எல்லாருக்கும் ஒத்துவராது. ஆயிரம் அடி போர் போட்டவர்களுக்கு இந்த மோட்டார் போதாது. ஐப்பசி மூட்டத்தில் பேனல் சும்மா நிற்கும். வெயில் இலவசம் என்று நாளெல்லாம் இறைத்தால் கிணறு வற்றும். குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் 2016-ல் விவசாயிகள் கூட்டுறவு தொடங்கி, பாசனம் போக மிஞ்சிய சோலார் மின்சாரத்தை விற்றார்கள். விற்கலாம் என்றானதும் வீணாக இறைக்க மனம் வராது. இங்கே மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சியே 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. அளவு சின்னதாக இருப்பதால்தான் இதெல்லாம் ஊர்க்காரர் கைக்கு எட்டுகிறது. பயங்கரவாதத்தைத் தடுக்க நீங்களும் நானும் செய்யக்கூடியது கொஞ்சம். வரப்புச் சாவைத் தடுப்பது முக்கால்வாசி நம் கையில்.

விளக்கேற்றியே முக்தி பெற்ற நாயன்மார்கள் உண்டு. திருவாரூரில் நமிநந்தியடிகள், தில்லையில் கணம்புல்லர், திருவொற்றியூரில் கலியர். எண்ணெய்க்கு வழியில்லாதபோது கணம்புல்லர் புல்லை எரித்தார், கலியர் தம் கழுத்தையே அரியத் துணிந்தார். அன்றைக்குக் கோயிலுக்குள் இருட்டு, ஆகவே அங்கே விளக்கு வைத்தார்கள். இன்றைக்குக் கோயிலில் பாதி வெளிச்சம் தெரியாதபடி டியூப்லைட் மேல் உபயதாரர் பெயர் எழுதியிருக்கிறது. இருட்டு வரப்புக்குக் குடிபோய்விட்டது. விளக்கு வைத்தால் பாம்பு ஓடிவிடாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும், அது போதும். நடராசரின் கை அஞ்சாதே என்கிறது. அப்படிச் சொல்ல அவருக்கு முடியும். நமக்கு முடிந்தது, அடுத்தவர் அஞ்ச வேண்டாதபடி ஒரு வெளிச்சத்தைச் செய்துகொடுப்பது.

என் சந்தேகத்துக்கு வருகிறேன். மாணிக்கவாசகர் அச்சத்தை இடம் மாற்றி வைத்தவர் என்பதுதான் என் கட்சி. அன்பில்லாதவர் என்பதை நான் கொஞ்சம் அகலமாகவே எடுத்துக்கொள்கிறேன்; உரைகாரர்கள் சொன்ன பொருள் அதுவல்ல, இந்த நர்ஸ் சொல்லும் பொருள். குண்டு வைப்பவனிடம் அன்பில்லை. பயந்துபோய் முகவரி பார்த்து வாடகைக்கு வீடு மறுப்பவரிடமும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கால் வைக்கும் இடத்தைப் பற்றி யோசிக்காத நம்மிடமும் அது குறைவுதான். பாம்பை விட்டுவிட்டு அவர் இதற்கு நடுங்கினார் என்றால் காரணம் இருக்கிறது.

அடுத்த தடவை கோயிலுக்கு உபயம் எழுதப் போகிறவர்கள், உங்கள் ஊர் மோட்டார் ரூமுக்கோ களத்துக்குப் போகும் பாதைக்கோ ஒரு சோலார் விளக்கு எழுதுங்கள். பெயர் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. கம்பத்தில் போடுங்கள், விளக்கில் வேண்டாம். யாரையாவது பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மிளகு கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது, காசு கிடையாது.