உண்ணாத தோழியும் நாமும்

பசி என்னும் சொல்லை நாம் வேண்டிய மட்டும் எழுதியிருக்கின்றோம். பறிக்கப்பட்ட கூலியின் பசி, வரண்ட வயலின் பசி, லயத்து அறையிலே வெறும் தேயிலைச் சாயத்தைக் குடித்துவிட்டு உறங்கும் குழந்தையின் பசி: இவையெல்லாம் எமது பேனாவுக்குப் பழக்கப்பட்டவை. அவற்றின் காரணம் எங்கே இருக்கின்றதென்று விரல் நீட்டிக் காட்டவும் எமக்குத் தெரியும். ஆனால் சோறு நிறைந்த கோப்பையின் முன்னே அமர்ந்து, பசித்திருந்தும் உண்ண மறுக்கும் ஒருத்தியின் பசியைப் பற்றி நாம் எழுதியதில்லை. அவள் எமது தோழியாக இருந்தும் எழுதியதில்லை. எழுத வெட்கப்பட்டோம் என்பதே உண்மை.

உண்ணற் கோளாறு என்று வைத்தியர் பெயரிட்டுள்ள நோய்க்கு ஆளான ஒருத்திக்கு அவளுடைய சிநேகிதர் செய்யவேண்டிய கடமை யாது? அவளது விருப்பத்தை மதிப்பதா, மீறுவதா? அவள் எம்மிடம் ஒப்படைத்த இரகசியத்தைக் காப்பதா, உடைப்பதா? வைத்தியர் விடைசொல்லித் தீர்க்கக்கூடிய கேள்வியன்று இது. நாம் அதற்குப் பிழையான விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டவர்கள். அந்த அனுபவமே இங்கு பேசுகின்றது.

கொழும்பிலே ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் நாம் மூவரும் அவளும் குடியிருந்தோம். 2018ஆம் ஆண்டு ஐப்பசியில் அவள் கந்தசஷ்டி விரதம் பிடித்தாள். எமது ஊர்களில் அது புதுமையன்று. ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்தாள். ஏழாம் நாள் பாறணை முடிந்தது, விரதம் முடியவில்லை. வெள்ளி என்றாள், பிரதோஷம் என்றாள், வயிறு சரியில்லை என்றாள், வேலைத்தலத்திற் சாப்பிட்டுவிட்டேன் என்றாள். சோற்றுப் பார்சலை நான்காய்ப் பிரித்து மூன்றை எமக்குத் தந்தாள். நாலாவது பங்கு யன்னலோரத்துக் காகங்களுக்குப் போயிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம். எமது சமூகத்தில் உணவை மறுப்பதற்கு மதிப்பான பெயர்கள் பல இருக்கின்றன. சமயத்தில் அது விரதம், அரசியலில் அது சத்தியாக்கிரகம், வீட்டில் அது தாயின் தியாகம். இத்தனை நற்பெயர்களின் மறைவிலே ஒரு நோய் நெடுநாள் ஒளித்திருக்கலாம்.

நாமும் அதற்கு உடந்தையாயிருந்தோம். மார்கழியில் அவள் மெலிந்து வந்தபோது, “வடிவாய் வந்திட்டாய்” என்று முதலிற் சொன்னவர்கள் நாமே. கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவள் கேட்ட புகழ்மொழிகளில் எத்தனை எமது வாயிலிருந்து சென்றவை என்று எண்ணிப் பார்க்க இன்றும் மனம் கூசுகின்றது.

உண்மை தெரியவந்த பின்னர் எமக்குள் வாதம் எழுந்தது. எமது வட்டத்தைச் சேர்ந்த தோழர் ஒருவர், “இது வயிறு நிறைந்தவர்களின் வியாதி, தோட்டத்தில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்றார். துயரத்துக்கும் வர்க்கச் சான்றிதழ் கேட்கும் இந்த வழக்கம் எம்மிடையே உண்டு. அவளுடைய தகப்பனார் கடைச் சிப்பந்தி என்பதை அவருக்கு நினைவூட்டினோம். அவர் பேச்சை மாற்றினார். இந்நோய் செல்வரையும் வறியவரையும் பிடிக்கின்றது, ஆண்களையும் பிடிக்கின்றது, மெலிந்த தோற்றமில்லாதவரையும் பிடிக்கின்றது. அதைப்பற்றி மேலும் வாதிக்க வேண்டியதில்லை.

எம்மை உண்மையிலே தடுமாறச் செய்தது வேறொரு வாதம். பெண்ணின் உடல்மீது தந்தைக்கோ கணவனுக்கோ சமயத்துக்கோ அதிகாரமில்லை என்று மேடைகளிற் பேசியவர்கள் நாம். அவ்வாறாயின், “என்ரை உடம்பு, என்ரை விருப்பம்” என்று அவள் சொல்லும்போது, “இல்லை, உண்” என்று கட்டளையிட நாம் யார்? சுதந்திரம் எமக்குப் பிடித்தமான முடிவுகளை மட்டும் எடுப்பதற்கான உரிமையா?

இக்கேள்விக்கு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனை எமக்கு வழிகாட்டிற்று. யுத்தத்தினாற் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை மீண்டும் உணவூட்டித் தேற்றுவது எவ்வாறு என்று அறியும் பொருட்டு, 1944 நவம்பரில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் அதனைத் தொடங்கினார். மனச்சாட்சியின் காரணமாக ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர் தாமாகவே முன்வந்தனர். உடலிலும் உள்ளத்திலும் நலமானவர்கள் என்று சோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். இருபத்துநான்கு வாரங்கள் அரைப்பட்டினி. உடல் நிறையில் ஏறக்குறையக் காற்பங்கு குறைந்தது. குறைந்தது நிறை மட்டுமன்று. சிரிப்பு குறைந்தது, நண்பரை நாடுதல் குறைந்தது, சினமும் சோர்வும் கூடின. முழுநாளும் உணவே நினைவாயிற்று. சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தனர். ஒரு சிறு உணவை நெடுநேரம் அளைந்து, இழுத்தடித்து உண்டனர்.

இதை வாசித்தபோது நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எமது தோழியின் தலையணையின் கீழே இருந்ததும் பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த சமையற் குறிப்புகள்தாம். அவள் தான் உண்ணாமல் எமக்குச் சமைத்துப் போடுவாள்; ஒரு இடியப்பத்தை இழை இழையாகப் பிரித்து அரைமணி நேரம் வைத்திருப்பாள். இவை அவளுடைய குணம் என்று நாம் எண்ணியிருந்தோம். அவை பட்டினியின் குணம்.

ஆகவே, பட்டினி ஓரளவுக்கு மேற் சென்றபின், “இது என் விருப்பம்” என்று பேசும் குரலில் அவளுடைய குரல் எவ்வளவு, பட்டினியின் குரல் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். சுதந்திரமாகத் தீர்மானிப்பதற்கு வேண்டிய மூளையே உணவின்றி வாடுகின்றது. அதற்காக அவள் சொல்வதெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. நோய்க்குள்ளே அவள் இருக்கின்றாள், கேட்டுக்கொண்டும் இருக்கின்றாள். அவளுடைய சுதந்திரத்தை மதிப்பதென்றால், அந்தச் சுதந்திரம் அவளுக்குத் திரும்பக் கிடைப்பதற்கு நாம் பாடுபடவேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். முடிவுக்கு வருவது எளிது. பாடுபடத்தான் தெரியவில்லை.

முதலில் நாம் காவற்காரரானோம். கவளங்களை எண்ணினோம். குளியலறைக் கதவருகில் நின்று காது கொடுத்தோம். “எங்களுக்காக ஒரு வாய்” என்று கெஞ்சினோம்; அடுத்த நாள் ஏசினோம். விளைவு யாதெனில், அதுவரை பொய் பேசத் தெரியாதிருந்தவள் பொய் பேசுவதிற் கைதேர்ந்தாள். லண்டனைச் சேர்ந்த வில்லியம் கல் என்னும் வைத்தியரே 1874இல் வெளியான கட்டுரையில் இந்நோய்க்கு ‘அனொரெக்சியா நெர்வோசா’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர். பசியின்மை என்று பொருள்படும் அப்பெயர் பொருத்தமற்றது. பசி இருக்கின்றது, அதனுடன் யுத்தம் நடக்கின்றது. அதே கட்டுரையில் அவர், உறவினரும் நண்பருமே இந்நோயாளரைப் பராமரிக்க மிகவும் பொருந்தாதவர்கள் என்ற கருத்தையும் எழுதிவைத்தார். எமது நடத்தையைக் கண்டிருந்தால் அவர் தமது கருத்தை மேலும் உறுதிசெய்திருப்பார்.

ஆயினும் அது இறுதி வார்த்தையன்று. நூறாண்டுகளுக்குப் பின்னர், அதே லண்டனில் மோட்ஸ்லி வைத்தியசாலையினர், இளம்பருவத்து நோயாளரின் பெற்றோரையே உணவுக்குப் பொறுப்பாக்கிச் சிகிச்சையளிக்கும் முறையை உருவாக்கினர். நோய் தொடங்கி நெடுங்காலமாகாத இளையோருக்கு அது நற்பயன் அளித்ததென 1987இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உறவினரை விலக்குவதன்று, அவர்களுக்கு வழிகாட்டுவதே வேண்டியது என்பது இதனாற் புலப்பட்டது. எனினும் பெற்றோருக்குள்ள அதிகாரம் சிநேகிதருக்கு இல்லை. ஊட்டிவிடவும் தண்டிக்கவும் எமக்கு உரிமை கிடையாது. எமக்கு இருப்பவை இரண்டே: உண்மையைச் சொல்லும் வாய், அருகே இருக்கும் உடம்பு.

அந்த வாயைத்தான் நாம் நாலு மாதம் மூடியிருந்தோம். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. அம்மா தாங்கமாட்டா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாம் சத்தியம் செய்தோம்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அவனை முன்பின் கண்டறியாத பிசிராந்தையார் தேடிவந்து அவனருகிலிருந்து உயிர்நீத்த வரலாற்றை நட்பின் சிகரமென்று பாடசாலையிற் படித்திருக்கின்றோம். இன்றும் அவ்வரலாறு எம்மை உருக்கத்தான் செய்கின்றது. ஆனால் எமது மௌனமும் ஒருவகையில் அவளுடன் வடக்கிருந்ததுதான். ஒரே வேற்றுமை, நாம் மூன்று வேளையும் உண்டோம். அதை விசுவாசம் என்று அழைத்தோம். உள்ளே தோண்டிப் பார்த்தால் அங்கிருந்தது அச்சம். சொன்னால் அவள் எம்மை வெறுப்பாள், அவளுடைய அன்பை இழப்போம் என்ற அச்சம். அவளுடைய உயிரை எமது மனநிம்மதிக்குப் பணயம் வைத்திருந்தோம்.

2019 சித்திரையில் ஒரு மாலை அவள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். நாடி மிகவும் தளர்ந்திருந்தது. இரத்தத்திற் பொட்டாசியம் என்னும் உப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. உண்டதை வாந்தியெடுப்பவர்களுக்கு இது நேர்வதுண்டென்றும், இதயம் எவ்வித முன்னறிவிப்புமின்றி நின்றுவிடலாமென்றும் வைத்தியர் விளக்கினார். பின்னர் எம்மைப் பார்த்து, “எவ்வளவு காலமாக உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டார். அக்கேள்வியில் கண்டனம் இருக்கவில்லை. மருந்துச் சீட்டில் எழுதுவதற்காகவே கேட்டார். எம்மில் ஒருவராலும் உடனே பதில் கூற முடியவில்லை.

அன்றிரவே அவளுடைய அக்காவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் எம்முடன் ஆறு மாதம் பேசவில்லை. சத்தியம் தவறியவர்கள் என்ற பட்டத்தை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். தவறிய நாளுக்காகவன்று, தவறாதிருந்த நாலு மாதங்களுக்காகவே வருந்துகின்றோம்.

வைத்தியசாலைக்கு நாம் பெரிய பாத்திரத்திற் சோறும் கறியும் கொண்டு சென்றதையும் சொல்லவேண்டும். தாதி அதை வாசலிலேயே தடுத்தார். நெடும்பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவளித்தால், இரத்தத்திலுள்ள பொசுபேற்று முதலிய உப்புகள் சரிந்து உயிரே போகலாமாம். 1945இல் நாசிகளின் வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்டபோது, பட்டினியிலிருந்து மீண்டோர் பலர் இரக்கமுள்ள கைகள் கொடுத்த உணவினாலேயே மாண்டனர். அன்புக்கும் அறிவு வேண்டியிருக்கின்றது.

இனி, சமூகத்தைப் பற்றி. பிஜித் தீவில் நட்ரோகா மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. பருத்த உடலை நல்வாழ்வின் அடையாளமாகக் கருதிய நாடு அது. ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் அங்குள்ள பாடசாலை மாணவியரை அந்த ஆண்டிலும் 1998இலும் ஆராய்ந்தார். நிறையைக் குறைப்பதற்காக வாந்தியெடுத்தவர்கள் முதலாய்வில் ஒருவருமில்லை; மூன்றாண்டுகளின் பின்னர் 11.3 வீதத்தினர். சந்தை மனிதருடைய உடம்பை அவருக்கே பகையாக்கி, பின்னர் அப்பகைக்கு மருந்தும் விற்கின்றது என்று நாம் கூறுவது மிகையன்று.

இதை ஒருநாள் மிகுந்த உற்சாகத்துடன் அவளிடமே விளக்கினோம். அவள் கேட்டிருந்துவிட்டு, “நான் உங்கட கட்டுரைக்கு உதாரணமில்லை” என்றாள். உண்மைதான். அதே தொலைக்காட்சியைப் பார்த்து வளர்ந்த அவளுடைய அக்கா வயிறார உண்கின்றாள். இந்நோயிற் பரம்பரைக்கும் பங்குண்டு, மன அமைப்புக்கும் பங்குண்டு. சமூகத்தின் குற்றத்தை நாம் எழுதத்தான் வேண்டும். ஆனால் தோழியின் மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டு அதனூடாகச் சமூகத்தை மட்டும் பார்ப்பவன் அந்தக் கையைப் பிடித்தவனாகான்.

இப்போது நாம் செய்வது அதிகமில்லை. அவளுடைய உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. “இப்ப நல்லாய்த் தேறியிருக்கிறாய்” என்பதுகூட அவளுடைய செவியில் “கொழுத்துவிட்டாய்” என்றே விழுகின்றதென்று அவளே சொன்னாள். கிளினிக் நாட்களில் ஒருவர் கூடப் போகின்றோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் ஒரே மேசையில் உண்கின்றோம். கோப்பையைப் பார்ப்பதில்லை, படத்தைப் பற்றியோ பக்கத்து வீட்டைப் பற்றியோ பேசுகின்றோம். உண்டு முடிந்த பின்வரும் ஒரு மணி நேரமே அவளுக்கு மிகக் கொடியது. அந்நேரத்தில் சீட்டுக் கட்டை எடுத்து முந்நூற்று நாலு விளையாடுகின்றோம்.

அவள் முற்றாகக் குணமடைந்துவிட்டாள் என்று எழுத எமக்கு உரிமையில்லை. இக்கட்டுரையை வாசித்து இரண்டு இடங்களை வெட்டியவள் அவள். மூன்றாவதாக ஓரிடத்தில், ‘அரைமணி நேரம்’ என்பதை ‘ஒரு மணி நேரம்’ என்று திருத்தச் சொன்னாள். நாம் அதைத் திருத்தவில்லை. சென்ற ஞாயிறு அவள் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தாள். முந்நூற்று நாலுக்கு நால்வர் வேண்டும். நாம் மூவரும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, சீட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு, அவளுடைய வீட்டுக்கு பஸ் ஏறினோம்.