மாதிரியும் நாணயமும்

எழுதிய சொல் ஒன்றிலும் பொய் இல்லை. ஆயினும் வாங்கியவர் ஏமாந்தார். இவ்வாறு ஒன்று நிகழுமாயின் அங்கே பொய் சொன்னவர் எவர்? பொய் என்று ஒன்று அங்கே உண்டா, இல்லையா? நேயர்கள் இதனை ஏட்டுச் சுரைக்காய்த் தருக்கம் என்று தள்ளிவிட வேண்டா. சில திங்களுக்கு முன் நமது வீட்டு வாசலுக்கே தபாலில் வந்து சேர்ந்த வினா இது.

இணையச் சந்தை ஒன்றில் நாம் ஓர் ஓவியம் வாங்கினோம். கடலோரத்துக் கம்பம் ஒன்றில் மீன்வலை உலர்த்தும் காட்சி, நீர்வண்ணத்தில் தீட்டியது. சந்தையில் வைத்திருந்த மாதிரிப் படத்தில் அவ்வோவியம் ஒரு பெரிய கூடத்தின் சுவரில், மூவர் அமரத்தக்க நாற்காலிக்கு மேலே, சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு தொங்கிற்று. விலையும் மிகையாகத் தோன்றவில்லை. பணம் செலுத்தினோம். பத்து நாள் கழித்து வந்தது ஒரு தபால் உறை. உள்ளே இருந்த ஓவியம் நமது உள்ளங்கையைவிடச் சிறிது பெரியது. விற்றவருக்கு எழுதிக் கேட்டோம். “அளவைக் குறித்திருக்கிறோமே, ஐயா, தாங்கள் பார்க்கவில்லையா?” என்று மரியாதையாகவே மறுமொழி வந்தது. மீண்டும் சென்று பார்த்தோம். உண்மைதான். 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்று, நீண்ட விவரத்தின் கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருந்தது.

நமது கவனக் குறைவை நாம் மறைக்கவில்லை. விவரத்தை முழுதும் படியாமல் பணம் அனுப்பியது நமது பிழையே. ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தச் சுவரும் அந்த நாற்காலியும் எங்கே இருக்கின்றன? விசாரித்தபோதுதான், அவை விற்றவரின் வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. வெற்றுச் சுவருடைய அறைகளின் படங்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றனவாம். ஓவியர் தமது படத்தைக் கணினியில் அதன்மேல் ஒட்டி, வேண்டிய அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கிக் கொள்ளலாமாம். ஆகவே நாம் கண்டு மயங்கியது ஒருபோதும் நிகழாத ஒரு காட்சி. எழுத்து மெய் கூறிற்று. படம் பொய் கூறிற்று. கண் முந்திற்று, எழுத்துப் பிந்திற்று. “படத்துக்கு வாயில்லையே, அஃது எவ்வாறு பொய் சொல்லும்?” என்பாரும் உளர். வழி கேட்டவனுக்கு வாய் திறவாமல் தவறான திசையில் கை நீட்டுபவனும் பொய்யன் அன்றோ?

மாதிரி என்பது வாணிகத்தில் புதிதன்று. அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செலுத்தி, வந்த அரிசியை உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார் வணிகர். அந்த ஒரு பிடி அரிசி ஒரு வாக்குறுதி: மூட்டை முழுவதும் இதுவே என்பது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இதனை எழுத்தில் வைத்தது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டமும், மலாயாவில் எழுந்து இன்று மலேசியாவில் வழங்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே பின்பற்றின. மாதிரி காட்டி விற்றால், சரக்கு தரத்தில் மாதிரியை ஒத்திருத்தல் வேண்டும். மாதிரியும் காட்டி விவரமும் சொல்லி விற்றால், மாதிரியை மட்டும் ஒத்திருப்பது போதாது, விவரத்தையும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றின் பின்னே ஒளிந்து கொள்ள இடமில்லை என்பதே இதன் கருத்து. நமக்கு நேர்ந்ததோ தலைகீழ்: சரக்கு விவரத்தை ஒத்தது, படத்தை ஒக்கவில்லை. 15 சென்டிமீட்டர் ஓவியத்துக்காக நீதிமன்றம் ஏறும் எண்ணம் நமக்கில்லை. சட்டம் மனத்திற் கொண்டது மூட்டையும் பொதியும் ஆதலின், ஒன்றே ஒன்றான ஓவியத்துக்கு அஃது அப்படியே பொருந்தும் என்றும் நாம் சொல்லவில்லை. மாதிரி அரிசி அரிசியே, உலையிலிட்டால் சோறாகும். மாதிரிப் படமோ ஓவியம் அன்று. ஒளி உமிழும் கண்ணாடியில் தோன்றும் அதன் சாயல் மட்டுமே.

சாயலை உண்மையாக்குவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் வெள்ளைத் தாள் பச்சை பாய்ந்து தோன்றலாம். மாலை வெயிலில் எடுத்தால் மஞ்சள் ஏறும். அதனை அப்படியே விட்டுவிட்டு, ‘ஒன்றையும் மாற்றவில்லை’ என்று ஓவியர் சத்தியம் செய்யலாம். ஆயினும் அப்படம் பொய். கணினியில் வண்ணத்தைத் திருத்தித் தாளின் வெண்மையை மீட்டால் படம் மாற்றப்பட்டது; ஆயினும் அது மெய். எனவே, திருத்துவதே குற்றம் என்பது பேதைமை. எதனை நோக்கித் திருத்துகிறோம் என்பதே கேள்வி. ஓவியத்தை நோக்கியா, வாங்குவோரின் ஆசையை நோக்கியா? ஒரு பக்கம் ஓவியமும் ஒரு பக்கம் திரையுமாக வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் திருத்துபவர் ஒரு வகை. ஓவியத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுத் திரையை மட்டும் பார்த்துத் திருத்துபவர், எத்துணை நல்லவராயினும், மெல்ல மெல்ல மற்றோர் ஓவியத்தை விற்கத் தொடங்கி விடுவார்.

காட்டாமல் விடுவது இன்னொரு வழி. நம் நாட்டுப் பாத்தேக் துணியை எடுத்துக்கொள்வோம். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் கைவினைஞர், உருக்கிய மெழுகைச் சாந்திங் என்னும் மூக்குடைய சிறு கருவியால் துணியின்மேல் கோடாக இழுத்து, கோடுகளுக்கிடையே சாயம் தீட்டி, பின்பு மெழுகைக் கொதிநீரில் நீக்குவர். மெழுகும் சாயமும் இழைகளில் ஊடுருவுவதால் துணியின் முன்புறமும் பின்புறமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆலையில் அச்சிட்ட துணியில் பெரும்பாலும் பின்புறம் வெளிறியிருக்கும். விவரம் தெரிந்த பெண்மணிகள் கடையில் துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். திரையில் எதைத் திருப்புவது? முன்புறத்தை மட்டும் பத்துப் படமாக எடுத்து வைத்திருக்கும் கடையில் பொய் ஒன்றும் இல்லை. திருப்பிக் காட்டாத கை மட்டும் இருக்கிறது. கேளாத வினாவுக்கு விடை கூறும் கடமை விற்பவருக்கு உண்டா என்றால், நேரில் நிற்கும் வணிகருக்கு அது குறைவு, நாமே திருப்பிப் பார்க்கலாமாதலின். நமது கையைக் கட்டிவிட்டுக் கண்ணை மட்டும் அழைக்கும் சந்தையில் அக்கடமை பன்மடங்காகிறது என்பது நமது துணிபு. வாங்குவோரின் கை செய்திருக்கக் கூடியதை விற்பவரின் படம் செய்தல் வேண்டும்.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த ஓவிய நண்பர் ஒருவர் சினந்தார். “எழுதுவது தங்களுக்கு எளிது. நூறு பேர் மாளிகைச் சுவரைக் காட்டும் சந்தையில், நான் மட்டும் மேசைமேல் கிடக்கும் தாளைக் காட்டினால், விரலால் தள்ளிவிட்டு அப்பால் போவார்கள். நாணயம் என் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுமா?” என்றார். கட்டாது என்பதே நமது விடை. நாணயமாக நடந்தால் முடிவில் இலாபம் தானே வரும் என்று போதிப்பாரோடு சேர நாம் துணியோம். வரலாம், வராமலும் போகலாம். இலாபத்துக்காகக் கைக்கொண்ட நாணயம் இலாபம் நின்ற அன்றே நின்றுவிடும். சுவரில் மாட்டிக் காட்ட வேண்டா என்று நாம் சொல்லவில்லை. மாட்டும்போது அளவைக் குலைக்க வேண்டா என்கிறோம். உள்ளங்கை ஓவியத்துக்கும் உரிய இடம் உண்டு: புத்தக அலமாரியின் ஒரு தட்டு, எழுதும் மேசைக்கு நேரே ஓர் ஆணி. அவ்வாறு காட்டியதால் கைநழுவும் விற்பனை, எவரோ ஒருவர் நம்மைப்போல் மயங்கினால்தான் கிடைத்திருக்கக் கூடிய விற்பனை. அதனை நட்டம் என்று கணக்கில் எழுதலாமா என்று நண்பரைக் கேட்டோம். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார், விடை கூறவில்லை.

நிற்க. விற்பவர் பக்கத்திலும் ஓர் அச்சம் உண்டு. அது வெறும் மனப்பிராந்தி அன்று. சட்டையில் அச்சிடுதற்குரிய சித்திரம், வாழ்த்து மடலுக்குரிய சித்திரம், கணினிக் கோப்பாகவே விற்கும் சித்திரம் முதலியவற்றில், மாதிரிக்கும் சரக்குக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே உண்டு. அரிசி வணிகரின் மாதிரியைத் திருடினால் ஒரு பிடி அரிசி போகும்; இவர்களுடைய மாதிரியைத் திருடினால் மூட்டையே போய்விடும்.

இவ்வச்சம் இணையத்தோடு பிறந்ததன்று. வில்லியம் ஹோகார்த் என்னும் இலண்டன் ஓவியர் 1732இல் ஆறு செதுக்குப் படங்களை வெளியிட்டார். கள்ள அச்சுக்காரர் அவற்றை நகலெடுத்து மலிவாக விற்றனர். அடுத்து எட்டு ஓவியங்களைத் தீட்டி, அவற்றின் அச்சுப்படிகளுக்கு முன்பணம் சேர்க்கும் பொருட்டுத் தம் இல்லத்தில் பார்வைக்கு வைத்தார். கள்ள அச்சுக்காரரோ வாங்க வருவார்போல் ஆட்களை அனுப்பினர். வந்தவர் பார்த்தனர், நெஞ்சிற் பதித்தனர், போயினர். நினைவிலிருந்தே நகல்கள் எழுந்தன. ஹோகார்த்தும் அவர் தோழரும் நாடாளுமன்றத்தில் முறையிட்டு, செதுக்குப் படங்களுக்கு 14 ஆண்டுக் காப்புத் தரும் சட்டத்தைப் பெற்றனர். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1735 ஜூன் 25ஆம் நாள்வரை அவர் தமது படிகளை வெளியிடாமல் காத்திருந்தார்.

இன்றைய ஓவியர் பலர் கள்வருக்கு அஞ்சித் தமது மாதிரியின் குறுக்கே பெயரைக் கம்பிவேலிபோல் பரப்பிவிடுகின்றனர். இதற்கு நீர்க்குறி என்று பெயர். பெயர் வந்த வழி வேடிக்கையானது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் காகிதக்காரர் தாளுக்குள் இட்ட நீர்க்குறி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிவது. இதனைச் செய்தவர் இன்னார் என்று வாங்குவோருக்குச் சொல்லும் கையொப்பம். அது வேலி அன்று. முகத்தையே மறைக்கும் குறி இட்டபின் மாதிரி எதற்கு? நீளப் பக்கம் 1000 புள்ளியுள்ள படம் திரையில் பார்க்கப் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அதனை அச்சிட்டால் எட்டரை சென்டிமீட்டருக்கு மேல் வராது. ஓரத்தில் ஒரு பெயரும், தூரிகையின் தடம் தெரிய ஒரு மூலையை மட்டும் நெருங்கி எடுத்த படமும் சேர்த்தால், வாங்குவோருக்கும் குறையில்லை. அதன் பின்னும் திருடுவோர் திருடுவர். அதற்கென மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இருக்கின்றன.

ஆனால் இப்போது வந்திருப்பவர் படத்தை அச்சிட்டு விற்பவர் அல்லர். பார்த்துக் கற்கும் எந்திரம். 2022இல் வெளியான லயன்-5பி என்னும் தொகுப்பு ஒன்றில் மட்டும், இணையத்திலுள்ள 585 கோடிப் படங்களின் இருப்பிடக் குறிப்புகளும் அவற்றுக்குரிய சொற்களும் அடங்கியிருந்தன. மேலே கூறிய சிங்கப்பூர்ச் சட்டமே, முறையாகப் பார்க்கக் கிடைத்த படைப்பைக் கணினிப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்க இடம் தருகிறது. ஒப்பந்தம் எழுதியும் அதனை விலக்க முடியாது. ‘பார்ப்பது குற்றமா? மாணவரும் பார்த்துத்தானே கற்கின்றனர்?’ என்று கேட்கிறார்கள். ஹோகார்த்தின் இல்லத்துக்கு வந்த ஆட்களை நேயர்கள் நினைவுகூர்க. அவர்களும் எதனையும் தூக்கிச் செல்லவில்லை, பார்த்தனர், அவ்வளவே. வாங்குவோர் பார்க்கட்டும் என்று திறந்த கதவை, வாங்கும் எண்ணமே இல்லாதவர், ஓவியரின் பிழைப்புக்கே போட்டியாக நிற்கும் பொருட்டுப் பயன்கொண்டனர் என்பதே அன்று அவர்மேல் இருந்த குறை. சட்டம் ஒப்பியதனால் மட்டும் அக்குறை நீங்கிவிடாது.

அந்த எந்திரம் ஆக்கிய படங்களே இன்று அதே சந்தைக்கு மாதிரிகளாகத் திரும்பி வருகின்றன. தாளும் இல்லை, தூரிகையும் இல்லை; சாயல் உண்டு, சாயலுக்குரிய பொருள் இல்லை. 2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தோன்றிய எட்சி என்னும் கைவினைச் சந்தை, 2024 ஜூலையில் இதற்கு ஒரு விதி செய்தது. பொருள் விற்பவரால் செய்யப்பட்டதா, வடிவமைக்கப்பட்டதா, தேடிக் கொணரப்பட்டதா என்று பிரித்துக் காட்ட வேண்டும். எந்திர நுண்ணறிவைக் கொண்டு ஆக்கியதாயின் விவரத்தில் அதனைச் சொல்ல வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மீண்டும் அந்த விவரம்! நமது 15 சென்டிமீட்டரும் அங்கேதான் இருந்தது.

பூச்சித்திரங்கள் தீட்டி விற்கும் அம்மையார் ஒருவரை நமக்குத் தெரியும். ஓவியம் ஒவ்வொன்றுக்கும் அவர் மூன்று படம் வைப்பார். முதற் படத்தில் ஓவியத்தின் பக்கத்தில் ஒரு 50 காசு நாணயம் கிடக்கும். இரண்டாவது, தாளின் பின்புறம். மூன்றாவது, தூரிகை தவறிய இடம் ஏதேனும் இருந்தால் அவ்விடம். “மூன்றாவதை ஏன் வைக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டோம். “அவர்கள் வீட்டில் போய்க் கண்டுபிடிக்கட்டும் என்று அதை ஏன் மிச்சம் வைக்க வேண்டும்?” என்றார். சென்ற திங்கள் ஒருவர், செம்பருத்தி இதழில் நீர்த்துளி பரவிய கறையைப் பார்த்துவிட்டு, அந்தக் கறையுள்ள ஓவியமேதான் வருமா, வேறு நல்லது ஒன்று இருக்கிறதா என்று எழுதிக் கேட்டாராம். இருப்பது இது ஒன்றுதான் என்று அம்மையார் மறுமொழி எழுதினார். பணம் வந்ததா என்று சென்ற வாரம் விசாரித்தோம். இன்னும் வரவில்லை என்றார்.