‘பன்றி இறைச்சி இல்லை’ என்றால் ஹலாலா?

விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் செல்கிறீர்கள். நடந்து களைத்து, பிள்ளைகள் பசியில் சிணுங்கும் நேரம். ஒரு கடையில் ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்று பலகை தொங்குகிறது. உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். அல்மாயிதா அத்தியாயத்தின் 3-வது வசனம் பன்றியோடு நிற்கவில்லை. தானாகச் செத்ததையும், அல்லாஹ் அல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டதையும் சேர்த்தே தடுக்கிறது. அந்தக் கடைக் கோழியை யார், எப்படி அறுத்தார்கள்? குழம்பில் சமையல் ஒயின் சேர்ந்ததா? பலகை அதைச் சொல்லாது.

அங்கே ‘முயிஸ்’ எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிச் சான்றிதழ். ஒரு கிளையில் பார்த்ததை நம்பி இன்னொன்றில் சாப்பிட முடியாது. காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சான்றிதழ் வாங்காத முஸ்லிம் கடைகளும் உண்டு. அவற்றை ஹராம் என்று சொல்லிவிட நமக்கு உரிமையில்லை. இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதில் என்ன வெட்கம்? எத்தனை நட்சத்திரம் என்று அரை மணி நேரம் போனில் தேடுகிறோமே!

பதில் தெளிவாக இல்லையென்றால் எழுந்துவிடுங்கள். கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றி முஸ்லிம் உணவகங்கள் நிறைய இருக்கின்றன. நேரம் பார்த்துப் போனால் லுஹர் ஜமாஅத்தும் கிடைக்கும்.