தாழ்வாரத்தில் போட்ட மேசை

'இனி என்ன, பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருங்கள்.' பணி நிறைவு விழாவில் சால்வை போர்த்தும்போதே சொல்லிவிடுகிறார்கள். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். ஏன் ஆட்டுகிறீர்கள்? கத்திக்கொண்டிருந்த வகுப்பை ஒரே பார்வையில் உட்காரவைத்தவர் ஆயிற்றே நீங்கள்! அந்தப் பார்வைக்கு யார் ஓய்வு வயது குறித்தது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், நாக்ஸ்வில் நகரம். அங்கே குளோரியா ஜான்சன் என்றோர் ஆசிரியை. 27 ஆண்டுகள் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்வியில் இருந்தவர். சின்னதொரு முன்னேற்றத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் வேலை அது. பொறுமையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

குடியரசுக் கட்சியின் கோட்டையான மாநிலத்தில், ஜனநாயகக் கட்சி வேட்பாளராக 2012இல் சட்டமன்றத்துக்கு நின்றார். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. வென்றார். 2014இல் குடியரசுக் கட்சியின் எடி ஸ்மித்திடம் தோற்றார். வித்தியாசம் இருநூறு வாக்குகூட இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் கூட்டம்! 2016இல் மறுபடி நின்றார், அதே ஆளிடம் மறுபடி தோற்றார். நாமாக இருந்தால் இந்த இடத்தில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். அவர் 2018இல் மூன்றாவது முறையாக அதே ஸ்மித்தோடு மோதி, இடத்தைப் பிடுங்கினார்.

வென்றவுடன் சிவப்புக் கம்பளமா விரித்தார்கள்? 2021இல் சபாநாயகர் தேர்தலில் கேமரூன் செக்ஸ்டனுக்கு வாக்களிக்க மறுத்தார் ஜான்சன். அதன்பின் அவருக்கு ஒதுக்கிய அலுவலகம், ஜன்னல்கூட இல்லாத சிறிய கூட்ட அறை. இது பழிவாங்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. மேசையைத் தூக்கிவந்து வெளியே தாழ்வாரத்தில் போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க உட்கார்ந்து வேலை பார்த்தார். நல்ல அறை கிடைத்தால்தான் உழைப்பேன் என்று முறுக்கிக்கொள்பவர்கள் இந்தக் காட்சியை இரண்டு முறை நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்து, தொகுதி மறுவரையறையில் அவர் வீட்டைக் கொண்டுபோய் அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் தொகுதிக்குள் சேர்த்தார்கள். வீடு மாறினார், 90ஆம் தொகுதியில் நின்றார், 2022இல் வென்றார்.

இனி 2023க்கு வருவோம். மார்ச் 27இல் நாஷ்வில் நகரின் கவனன்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் மாண்டனர். துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கச் சொல்லி மாணவர்கள் சட்டமன்றத்தில் திரண்டார்கள். ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரு இளம் உறுப்பினர்களோடு ஜான்சனும் அவையின் நடுவில் போய் நின்றார். அவருக்கு இது செய்தித்தாளில் படித்த துயரம் அல்ல. 2008இல் நாக்ஸ்வில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அங்கே ஆசிரியையாக இருந்தவர் அவர். அலறி ஓடிய பிள்ளைகளைக் கண்ணால் கண்டவர்.

அவை விதியை மீறியதாகச் சொல்லி மூவரையும் வெளியேற்றத் தீர்மானம் வந்தது. ஏப்ரல் 6. தேவை 66 வாக்குகள். ஜான்சனுக்கு எதிராக விழுந்தவை 65. ஒரே ஒரு வாக்கில் தப்பினார்! கறுப்பின இளைஞர்கள் இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். 'அப்பாடா, பிழைத்தேன்' என்று ஒதுங்கிக்கொள்ள எல்லா வசதியும் அவருக்கு இருந்தது. நீங்கள் மட்டும் எப்படித் தப்பினீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, எங்கள் தோலின் நிறம் காரணமாக இருக்கலாம் என்று பட்டென்று சொன்னார். தன் தப்பிப்பையே சாட்சியாக்கிப் பேசினாரே, அந்த நெஞ்சுரம் எந்தப் பயிற்சி முகாமில் கிடைக்கும்? சில நாட்களிலேயே உள்ளூர் மன்றங்கள் அந்த இருவரையும் மீண்டும் அவைக்கு அனுப்பிவைத்தன.

2024இல் அமெரிக்க செனட்டுக்கு, குடியரசுக் கட்சியின் மார்ஷா பிளாக்பர்னை எதிர்த்து நின்றார். படுதோல்வி, பூசி மெழுக ஒன்றுமில்லை. அதே தேர்தலில் சட்டமன்ற இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

இப்போது உங்களிடம் வருவோம். உங்கள் வார்டில் தண்ணீர் வராத தெரு எது, விளக்கு எரியாத கம்பம் எது என்பது உங்களுக்குத் தெரியும். பாதி ஊர் உங்களிடம் படித்தது. வார்டு தேர்தலில் நீங்கள் நிற்க, வேட்புமனுவை முன்மொழிய ஒருவர் வேண்டும். அந்த மாணவர் யாரென்று இன்றைக்கே முடிவு செய்து, போன் போடுங்கள்.